பின் விளக்குக்குள் தண்ணீர்: சிலிக்கான் வாங்கப் போவதற்கு முன்

போன மாதம் சாயங்கால மழை விட்ட கையோடு பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டான். "அண்ணே, பின்னாடி லைட்டுக்குள்ள தண்ணி நிக்குது. அடைக்க நல்ல சிலிக்கான் பசை எந்தக் கடையில கிடைக்கும்?" வேலைக்குப் போய்ச் சம்பாதித்து அவன் வாங்கிய முதல் கார் அது, பழைய கஞ்சில். போய்ப் பார்த்தேன். வலப்பக்க விளக்கின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். காரை ஆட்டினால் அதுவும் ஆடியது. "சிலிக்கானுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு தம்பி, முதல்ல பின் கதவைத் திற" என்றேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதி வீட்டு வாசலில் நிற்பது பழைய வண்டிகள்தான். சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில். முதல் சாகா 1985-இல் வந்தது. கஞ்சில் 2009-உடன் நின்றுபோனது. ஆக, இப்போது ஓடும் கஞ்சில்களில் மிக இளையதற்கே பதினைந்து வயது தாண்டிவிட்டது. பகல் முழுவதும் வெயில், மாலையில் கொட்டும் மழை. இந்தக் காய்ச்சலிலும் நனைவிலும் விளக்கைச் சுற்றியுள்ள ரப்பரும் பசையும் விறைத்துப் போகாமல் என்ன செய்யும்? எனவே பின் விளக்கில் தண்ணீர் என்பது எல்லோருக்கும் ஒருநாள் வரும் வேலை. பட்டறைக்கு ஓடத் தேவையில்லை, வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். ஆனால் வரிசை மாறக்கூடாது.

சின்ன வேலைதானே என்று இதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். விடிகாலை ஐந்தரைக்குத் தோட்டத்துச் சாலையில் போய்ப் பாருங்கள். தெருவிளக்கு கிடையாது, செம்பனை (பாமாயில்) மரங்களுக்கு நடுவே பனி இறங்கியிருக்கும். உங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு உங்கள் கார் என்பது அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டும்தான். அதில் வலப்பக்கம் அணைந்துவிட்டால், இடப்பக்கம் எரியும் ஒற்றைப் புள்ளியைச் சாலை ஓரமாகப் போகும் இன்னொரு மோட்டார் சைக்கிள் என்று நினைத்துக்கொண்டு முந்துவதற்கு வலப்பக்கம் வருவார். அங்கே உங்கள் கார் இருக்கும்.

ஈரப்பதமா, ஒழுக்கா?

முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். காலையில் விளக்கின் சிவப்புக் கவரின் உட்புறம் லேசாக ஆவி படிந்து, வெயில் ஏறியதும் தானாக மறைந்துவிட்டால் அது ஒழுக்கு இல்லை. விளக்கு மூச்சு விடுவதற்கென்றே அதில் சின்னத் துளைகள் உண்டு. அந்த வழியாக வந்த காற்றின் ஈரம்தான் அது, விட்டுவிடலாம். சொட்டுச் சொட்டாக வழிந்து அடியில் தேங்கினால், அல்லது இரண்டு நாள் வெயிலிலும் ஆவி போகவில்லை என்றால், அது ஒழுக்கு.

ஒழுக்கு என்றாலும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் எதையும் பூசாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் இந்த வரி நிற்கட்டும். என் இஸ்வாராவில் நான் பட்ட பாடு இது. ஒரு பட்டறையில் விளக்கைக் கழற்றாமலே வெளியில் சுற்றிலும் சிலிக்கானை இழுத்துவிட்டு அனுப்பினார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. தண்ணீர் உள்ளே வந்த வழி மேலே, கவரில் இருந்த மயிரிழை விரிசல். அவர்கள் அடைத்தது கீழே இருந்த வடிகால் துளையை. முன்பு வந்த தண்ணீர் வடிந்தாவது போனது, அதன் பிறகு வந்ததெல்லாம் உள்ளேயே தங்கியது. ஒரு மாதத்தில் பல்பு ஹோல்டர் முழுக்கக் களிம்பு.

தண்ணீர் வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கவரில் விரிசல். இரண்டு, சிவப்புக் கவரும் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கூடும் ஒட்டியிருக்கும் விளிம்பு விட்டுப்போவது. இந்த இரண்டிலும் விளக்குக்குள் தண்ணீர் நிற்கும். மூன்றாவது, விளக்குக்கும் கார் உடம்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் அல்லது பசை செத்துப்போவது. இதில் விளக்கு பெரும்பாலும் காய்ந்தே இருக்கும்; தண்ணீர் பூட்டுக்குள், அதாவது சாமான் வைக்கும் பின்பகுதிக்குள், இறங்கும். பாயைத் தூக்கிப் பார்த்தால் ஸ்பேர் டயர் குழியில் குளம் கட்டியிருக்கும். பூட்டில் புளித்த வாடை வந்தால் முதலில் அங்கே கை வையுங்கள்.

நம் ஊரில் ஒரு வசதி உண்டு. செம்மண் புழுதி. தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டியில் தண்ணீர் வந்த வழியெல்லாம் மெல்லிய செம்பழுப்புக் கோடு விழுந்திருக்கும். டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தம்பியின் கஞ்சிலில் அந்தக் கோடு கவரின் மேல் மூலையில் தொடங்கி, பல்பைச் சுற்றி வளைந்து, அடிக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேல் சோதனையே தேவைப்படவில்லை.

கோடு தெரியாவிட்டால் குழாய்ச் சோதனை. பூட்டுக்குள் விளக்கின் பின்பக்கப் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு, விளக்கின் கீழும் ஓரங்களிலும் முகப்பவுடரை மெலிதாகத் தூவுங்கள். பூட்டை மூடிவிட்டு வெளியிலிருந்து ரப்பர் குழாயால் தண்ணீர் விடுங்கள். பீய்ச்சி அடிக்க வேண்டாம், மழை போல வழியவிட்டால் போதும். கீழிருந்து தொடங்குங்கள்: விளக்கின் அடி விளிம்பில் ஐந்து நிமிடம், திறந்து பாருங்கள், பிறகு நடுப்பகுதி, பிறகு மேல், கடைசியாகப் பின் கண்ணாடி ரப்பர். மேலே தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது வழி என்றே தெரியாமல் போய்விடும். பவுடரில் கோடு விழும் இடம்தான் நீங்கள் தேடியது. உள்ளிருந்து பார்க்கட்டும் என்று பிள்ளைகளைப் பூட்டுக்குள் உட்கார வைத்து மூடும் வேலை எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். பவுடரே போதும்.

விளக்குகள் காய்ந்திருந்து பூட்டு மட்டும் நனைந்தால், பூட்டு ரப்பர், பின் கண்ணாடி ரப்பர், ஆண்டெனா துளை இவற்றையும் சந்தேகப்படுங்கள்.

கழற்றுதல்

சுவிட்சுகளை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பழைய கார்களில் விளக்கு உள்ளிருந்து சில நட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும், 8 அல்லது 10 எம்எம் ஸ்பேனர் போதும். சிலவற்றில் பின் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்குரூ தெரியும். வயர் சாக்கெட்டைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், சாக்கெட்டின் நாக்கை அமுக்கி இழுங்கள். பழைய பிளாஸ்டிக் மொறுமொறுவென்று இருக்கும், அவசரப்பட்டால் ஒடியும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்த வயர் எங்கே என்று பிறகு தடுமாற வேண்டாம்.

நட்டு எல்லாம் கழன்றும் விளக்கு வராது. பழைய பசை பிடித்துக்கொண்டிருக்கும். இங்கேதான் ஆட்கள் திருப்புளியை நுழைத்து நெம்பி, பெயின்டையும் கவரையும் சேர்த்தே உடைக்கிறார்கள். காரின் பின்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி மத்தியானம் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பசை இளகிவிடும். பிறகு தூண்டில் நைலான் நரம்பை விளக்குக்கும் உடம்புக்கும் நடுவே விட்டு, இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்து அறுத்துக்கொண்டே வந்தால் ஒரு கீறல்கூட இல்லாமல் கையோடு வரும்.

வந்ததும் உடம்பில் ஒட்டிய பழைய பசையைக் காலாவதியான ஏதாவது பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுங்கள். மிச்சத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். மண்ணெண்ணெய் பெயின்டுக்கு மட்டும்தான். பெட்ரோல், தின்னர் எதுவும் சிவப்புக் கவர் பக்கமே போகக்கூடாது. அந்த வகைப் பிளாஸ்டிக் அதில் பட்டால் மெல்ல வெடிப்பு விடும். விளக்கின் அடியில் துருப் பிடித்திருந்தால் இப்போதே தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். துருவின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

பஞ்சர் பார்ப்பது போல

கழற்றிய விளக்கில் எங்கே ஓட்டை என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், சின்ன வயதில் சைக்கிள் டியூப்புக்குச் செய்த அதே வேலைதான். பல்புகளை எடுத்துவிட்டு, ஒரே ஒரு பல்புத் துளையை விட்டு மற்றவற்றை டேப்பால் அடைத்து, அடியிலுள்ள மூச்சுத் துளையை விரலால் பொத்திக்கொண்டு, வாளித் தண்ணீரில் கவர்ப் பக்கத்தை அமிழ்த்தி, திறந்த துளையில் வாய் வைத்து மெதுவாக ஊதுங்கள். குமிழி வரும் இடத்தைத் துடைத்து மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். தம்பியின் விளக்கில் இரண்டு இடத்தில் வந்தது. செம்மண் கோடு காட்டிய மூலை ஒன்று, நாங்கள் நினைத்தே பார்க்காத பக்கவாட்டு விளிம்பு இன்னொன்று.

பிறகு உள்ளே கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு, ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள், நல்ல தண்ணீரால் அலசுங்கள். உள்ளே பளபளக்கும் வெள்ளிப் பூச்சைக் குச்சியோ பிரஷோ விட்டுத் தேய்க்காதீர்கள். அது மிக மெல்லிய உலோகப் படலம், ஒருமுறை உரிந்தால் பல்பின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. பல்புத் துளைகள் கீழே பார்க்கும்படி நிறுத்தி, நிழலும் வெயிலுமாக ஒன்றரை நாள் காய வையுங்கள். நான் ரெண்டு நாள் என்று தம்பியிடம் சொன்னது இதற்காகத்தான். உள்ளே ஈரம் இருக்கும்போது அடைத்தால் அந்த ஈரம் உங்களோடேயே இருக்கும்.

பல்பும் களிம்பும்

விளக்கு காயும் நேரத்தில் மின்சாரப் பக்கத்தைப் பாருங்கள். எரியாத விளக்குகளில் பெரும்பங்கு இங்கேதான் சரியாகும்.

பின்னால் இரண்டு வகைப் பல்பு உண்டு. சிக்னலுக்கும் ரிவர்ஸுக்கும் 12 வோல்ட் 21 வாட், ஒரே இழை. பிரேக்குக்கும் இரவு விளக்குக்கும் சேர்த்து 21/5 வாட், உள்ளே இரண்டு இழைகள். 5 வாட் இழை இரவில் எப்போதும் எரியும், பிரேக் மிதித்தால் 21 வாட் இழை சேரும். இந்த இரட்டை இழைப் பல்பின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சின்ன முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரு பக்கமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் எடுத்து அரைச் சுற்றுத் திருப்பிப் போடுங்கள். அமுக்கித் திணித்தால் இழைகள் இடம் மாறிவிடும்: இரவு விளக்கு பிரேக் போல எரியும், பிரேக் மிதித்தால் வித்தியாசமே தெரியாது. பின்னால் வருகிறவருக்கு அணைந்த விளக்கைவிட இது ஆபத்து.

பல்புக் கண்ணாடிக்குள் வெண்பொடி படிந்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். சூடான பல்பின் மேல் தண்ணீர் சொட்டிக் கண்ணாடி கீறியிருக்கும். கறுப்பாகவோ வெள்ளிப்பூச்சு போலவோ மினுங்கினால் ஆயுள் முடியப்போகிறது. இரண்டையும் மாற்றிவிடுங்கள், சில வெள்ளி (ரிங்கிட்) விஷயம்தான். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினால் வெளிச்சம் சமமாக இருக்கும்.

ஹோல்டருக்குள் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பதுதான் களிம்பு. சாண்ட் பேப்பரைப் பென்சில் கனத்துக்குச் சுருட்டி உள்ளே விட்டுத் திருப்புங்கள், அடியிலுள்ள பித்தளைப் பொட்டு மஞ்சளாகப் பளிச்சிடும்வரை. அந்தப் பொட்டு ஸ்பிரிங்கோடு மேலே எழ வேண்டும், அமுங்கியே கிடந்தால் ஊசியால் லேசாகத் தூக்கிவிடுங்கள். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருந்தால் அடித்துக் காயவிட்டு, வாசலினை விரல் நுனியால் மிக மெலிதாகத் தடவுங்கள்.

அடுத்தது எர்த், அதாவது மின்சாரம் காரின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப் போக உதவும் வயர். இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு விடை இதுதான். பிரேக் மிதித்தால் சிக்னல் மங்கலாகச் சேர்ந்து எரிகிறதா? சிக்னல் போட்டால் இரவு விளக்கும் கூடவே துடிக்கிறதா? எர்த் வயர் உடம்பைத் தொடவில்லை, மின்சாரம் திரும்பிப் போக வேறு பல்பு வழியாக வழி தேடுகிறது. பூட்டுக்குள் விளக்கிலிருந்து வரும் வயர்களில் ஒன்று, பெரும்பாலும் கறுப்பு, பக்கத்து இரும்பில் ஸ்குரூவால் பிடிக்கப்பட்டிருக்கும். கழற்றி, வயரின் வளையத்தையும் இரும்பையும் பளபளக்கத் தேய்த்து, இறுக்கமாகத் திரும்பப் பூட்டுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் சோதிக்கலாம்: விளக்கு எரியும்போது அதன் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே அளந்தால் கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ தொடர்பு சரியில்லை.

இரண்டு பிரேக் விளக்கும் ஒன்றாகப் போனால் பல்பைத் தேடாதீர்கள். முதலில் ஃபியூஸ், அப்புறம் பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்னச் சுவிட்ச். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரியதாகப் போட்டுச் சமாளிக்காதீர்கள், வயர் எரியும். எங்கோ வயர் உரசியோ கடிபட்டோ இருக்கிறது. பூட்டுக் கீல் பக்கம் மடங்கி மடங்கி நிமிரும் வயர்க் கட்டைப் பாருங்கள். எலிக் கடியையும் பாருங்கள். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் ஆந்தைக்குக் கூடுபெட்டி வைத்து வளர்ப்பது சும்மா இல்லை.

இப்போது அடைக்கலாம்

சிலிக்கான் என்றால் எல்லாம் ஒன்றில்லை. ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைப்பதில் பல, குழாயைத் திறந்ததும் புளிக்காடி வாடை வீசும். அந்த அமிலம் பித்தளையையும் இரும்பையும் அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகையோ பாலியூரித்தேன் பசையோ கேளுங்கள்.

குறித்த இடத்தை உலர்ந்த சாண்ட் பேப்பரால் லேசாகச் சொரசொரப்பாக்கி, துடைத்து, விளிம்பின் மேற்புறமும் பக்கங்களிலும் மெல்லிய கோடாக இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் அழுத்தித் தடவுங்கள். அடியிலுள்ள வடிகால், மூச்சுத் துளைகள் திறந்தே இருக்கட்டும். மேலே மூடு, கீழே விடு, அவ்வளவுதான். ஒரு நாள் தொடாதீர்கள்.

கவரில் விரிசல் என்றால் உட்பக்கம் கை போகுமானால் உள்ளிருந்து இரண்டு குழாயையும் கலந்து பூசும் நிறமற்ற எபாக்சி பசையைப் பூசுங்கள், இல்லாவிட்டால் வெளியிலிருந்து. விரிசல் முடியும் இடத்தில் 2 எம்எம் துளை ஒன்று போட்டு அதையும் எபாக்சியால் நிரப்பினால் விரிசல் மேலும் ஓடாது. சூப்பர் குளூ வேண்டாம், சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகும். சிவப்பு டேப் ஒட்டுவது அடுத்த சம்பளம் வரைக்கும்தான்.

துண்டு பெயர்ந்து உள்ளே பல்பு தெரிகிறதா? அதை ஒட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பின்னால் வெள்ளை வெளிச்சம் அடித்தால் கார் எந்தப் பக்கம் போகிறது என்றே பின்னால் வருகிறவருக்குப் புரியாது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) தடுப்பிலும் நிற்க வேண்டியிருக்கும், காரை விற்கும்போது புஸ்பாகோம் வாகனச் சோதனையிலும் தேறாது. பழைய கார்களைப் பிரித்து உதிரிப்பாகம் விற்கும் பொத்தோங் கடையில் முழு விளக்கே கிடைக்கும். வாங்கும் முன் பின்பக்க நட்டு முளைகள் ஒடியாமல் இருக்கிறதா, ஹோல்டர் களிம்பில்லாமல் இருக்கிறதா, சிவப்பு வெளுக்காமல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு நிறப் பூச்சு அடித்த விளக்கு அழகாக இருக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். அது சட்டத்துக்கும் புறம்பு, மழையில் கண்ணுக்கும் தெரியாது. எல்இடி பல்பு மாற்றுவதற்கும் நான் அவசரப்படச் சொல்ல மாட்டேன். பழைய விளக்கின் உட்கூடு இழைப் பல்புக்கென்று வடிவமைத்தது. எல்இடி போட்டால் வெளிச்சம் சரியாகப் பரவாது, பல கார்களில் சிக்னலும் வேகமாகத் துடிக்கும்.

திரும்பப் பொருத்தும்போது உடம்புக்கும் விளக்குக்கும் நடுவே புது பியூட்டைல் டேப்பை (ஒட்டும் ரப்பர் பசை நாடா) ஒரு சுற்று ஒட்டுங்கள், இரண்டு முனையும் கீழ்ப்பக்கமாகச் சேரட்டும். நட்டுகளைக் கையால் முடுக்கி, பிறகு ஸ்பேனரால் ஒன்றுவிட்டு ஒன்று கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். விளக்கு பசையில் அமுங்குவது தெரிந்ததும் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் முளை, "இன்னும் கொஞ்சம்" என்ற ஒரு திருகில் ஒடிந்துவிடும்.

கடைசியில் பவுடரும் குழாயும் மறுபடி ஒருமுறை. பொழுது சாய்ந்ததும் காரைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். பிரேக் மிதிக்க ஆள் இல்லையென்றால் துடைப்பக் கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டு, பின்னால் பத்தடி நடந்து பாருங்கள்: இரவு விளக்கு இரண்டு, பிரேக் இரண்டு, சிக்னல் இரண்டு, ரிவர்ஸ், நம்பர் பிளேட் விளக்கு. நம்பர் பிளேட் விளக்கை எல்லோரும் மறப்பார்கள்.

தம்பியின் வண்டியில் வேலை முடிந்த மூன்றாம் நாள் நல்ல மழை. காலையில் வேலைக்குப் புறப்படும் முன் பின் கதவைத் திறந்து கூப்பிட்டுக் காட்டினான். விளக்கின் கீழே பவுடர் தூவினபடியே கிடந்தது. டேஷ்போர்டில் துணியில் சுற்றி ஒரு 21/5 பல்பும் ஒரு 10 எம்எம் ஸ்பேனரும் வைத்திருந்தான்.